பந்து யார் கைக்குப் போகிறது? உடற்கல்வி வகுப்பில் ஆசிரியரின் எதிர்பார்ப்பு

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 11 வருடம் ஆகிறது. இரண்டு வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் பள்ளிக்கு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) மாணவி ஒருவர் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்தார். முதல் வாரம் அவர் பாடம் எடுக்கக் கூடாது, என் வகுப்பைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அன்று ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள், கோ-கோ. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் "காட்டும்மா, என்ன எழுதினே" என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

இடது பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். பக்கத்தில் மூன்று கட்டங்கள்: சார் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, சார் தப்பைத் திருத்தியது, பிள்ளைக்கு ஆட வாய்ப்புக் கிடைத்தது. 38 பேரில் 17 பேருடைய பெயர் அந்த 40 நிமிடத்தில் என் வாயில் வரவே இல்லை. "தோளைத் திருப்பு", "கம்பத்தைப் பிடிச்சுத் திரும்பு" என்று நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி ஆறே ஆறு பேருக்கு. அந்த ஆறு பேரும் சுற்றுவட்டப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்கு நான் மனதுக்குள் எடுத்து வைத்திருப்பவர்கள்.

அதுகூடப் பரவாயில்லை என்று ஆறிப்போயிருப்பேன். கடைசிப் பக்கத்தில் நான் பேசிய வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்திருந்தார். உடம்பு கனத்த பையன் ஒருவன். இரண்டு அடி ஓடி மூச்சு வாங்கியதும் நான் சொன்னது: "பரவாயில்லப்பா, நீ போய் நிழல்ல உட்காரு." பாசமாகத்தான் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அவனிடம் அப்படித்தான் சொல்லி வருகிறேன். அதே வகுப்பில் நன்றாக ஓடும் ஒருவன் கம்பத்தில் திரும்பும்போது கோட்டைத் தாண்டிவிட்டான். அவனிடம் கத்தியிருக்கிறேன்: "என்னடா இது? திரும்பப் போ. இன்னொரு வாட்டி." மூன்று வாட்டி செய்ய வைத்திருக்கிறேன். திட்டு வாங்கினவன் மூன்று தடவை கற்றுக்கொண்டான். பாசத்தை வாங்கினவன் போய் நிழலில் உட்கார்ந்தான்.

என் கேள்வி இதுதான். நாம் ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பதால் அந்தப் பிள்ளை அப்படி ஆகிறதா, இல்லை அந்தப் பிள்ளை எப்படியோ அதைத்தான் நாம் சரியாகக் கணிக்கிறோமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_விசில் எழுதியது:

தம்பி, மனதைத் தளர விட வேண்டாம். நான் 31 வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்றவன். நம் கணிப்பு சும்மா வருவதில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஓடி வரும்போது அவன் பாதம் தரையில் படுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். குதிகால் அடித்து ஓடுகிறவனும் முன்பாதத்தில் ஓடுகிறவனும் ஒன்றில்லை. அதைப் பார்க்கத் தெரிந்திருப்பதுதான் நம் தொழில்.

வாரத்துக்கு இரண்டு பீரியடு. அதில் ஒன்றைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு மைதானம், 40 பிள்ளைகள், காற்றுப் போகாத பந்து இரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். ஆகஸ்ட் வந்தால் குறுவட்டம். கோப்பை இல்லாமல் வந்தால் தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதில் எல்லோருக்கும் சமமாக நேரம் ஒதுக்கு என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த ஆறு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற வீடாக இருக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால், பிறகு போலீசிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்தால், அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும். அப்படி மாறிய நாலு குடும்பத்தை எனக்கு நேரில் தெரியும். அந்த நேரத்தைப் பிடுங்கி, விளையாட்டு வராதவனுக்குக் கொடுப்பது நியாயமா?

---

உப்பளம் எழுதியது:

புதுச்சேரியில் உடற்கல்வி விரிவுரையாளராக இருக்கிறேன். பழைய விசில் ஐயா சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆராய்ச்சியும் பாதி அவர் பக்கம்தான் பேசுகிறது. மீதிப் பாதியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இந்தப் பேச்சு பரவலானது 1968இல். அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும், லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியரும் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் சோதனை செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு சுமார் 20 சதவீதப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, "இந்த வருடம் இவர்கள் நன்றாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் மாதிரி எடுத்தவை. வருடக் கடைசியில் மறுபடி சோதித்தபோது, மொத்தமாகப் பார்த்தால் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களுக்குச் சுமார் 8 கூடியிருந்தது, பெயர் சொன்னவர்களுக்குச் சுமார் 12. ஒன்றாம் வகுப்பில் மட்டும் பார்த்தால் மற்றவர்களுக்கு 12, பெயர் சொன்னவர்களுக்கு 27. மூன்றாம் வகுப்பு முதல் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை.

அப்போதே கடும் விமர்சனம் வந்தது. அந்தத் தேர்வே சின்னப் பிள்ளைகளுக்கு நம்பத்தக்கது அல்ல என்று ராபர்ட் தார்ன்டைக் எழுதினார். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2005இல் லீ ஜஸ்ஸிமும் கென்ட் ஹார்பரும் சொன்னது, ஆசிரியரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, எதிர்பார்ப்பால் மட்டும் வரும் மாற்றம் பொதுவாகச் சின்னது என்று. ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே சமூகத்தில் ஒதுக்கப்படும் பிள்ளைகளிடம் அந்த விளைவு பெரிதாக இருக்கக்கூடும்.

உடற்கல்வியில் இதை ஆரம்பத்திலேயே தீவிரமாகப் பிடித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த தாமஸ் மார்டினெக். 1970களின் கடைசியிலிருந்து இதே வேலை. ஆசிரியர் அதிகம் எதிர்பார்க்கும் பிள்ளைகளுக்குப் பாராட்டும் பேச்சும் அதிகம் கிடைக்கிறது என்று காட்டினார். 1981இல் வந்த அவருடைய ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கே சங்கடமாகிவிட்டது. பார்க்க லட்சணமாக இருக்கிற பிள்ளைகள் விளையாட்டிலும் நன்றாக வருவார்கள் என்று ஆசிரியர்கள் நினைத்தார்களாம். 2002இல் பிரான்சில் உடற்கல்வி வகுப்புகளில் நடந்த ஆய்வில் மார்டினெக்கும் ஒருவர். கணிப்பு பெரும்பாலும் சரியாக இருப்பதால்தான் பலிக்கிறது என்பதே அதிலும் முதல் முடிவு. கூடவே, சின்ன அளவில் எதிர்பார்ப்பே விளைவை உண்டாக்குகிறது, அதில் ஒரு பங்கு 'எனக்கு இது வரும், எனக்கு இது வராது' என்று பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதன் வழியாகப் போகிறது என்றும் கண்டார்கள்.

கெடிலக்கரை சார், உங்கள் நோட்டில் இருப்பது இந்த வழிதான். எதிர்பார்ப்பு மனதுக்குள் இருக்கும்வரை யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அது பந்தாகவும், முறையாகவும், திருத்தமாகவும் வெளியே வரும்போதுதான் வேலை செய்கிறது.

அப்புறம், அந்த "நிழல்ல உட்காரு". இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1984இல் சாண்ட்ரா கிரஹாம் காட்டியது: தோற்ற பிள்ளையிடம் பெரியவர் இரக்கம் காட்டினால், 'எனக்குத் திறமை இல்லை போலிருக்கிறது' என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கோபப்பட்டால், 'நான் இன்னும் முயற்சி செய்திருக்க வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறது. அதற்காகப் பிள்ளையைத் திட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. திருத்துங்கள் என்கிறேன்.

---

லாஸ்பேட்டை_அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன், முடியவில்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஆறாவதிலிருந்து அவளுக்கு விளையாட்டுப் பீரியடில் ஸ்கோர் எழுதுகிற வேலை. எறிபந்து, வாலிபால், கபடி எதுவானாலும் நோட்டும் பேனாவும் அவள் கையில். "அவ நல்லா எழுதுவா, பொறுப்பான பொண்ணு" என்று பள்ளியில் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கபடியில் போனஸ் எப்போது, சூப்பர் டேக்கிள் எப்போது என்று அவளைக் கேட்டால் மளமளவென்று சொல்வாள். போன மாதம் பாண்டி கடற்கரையில் சொந்தக்காரப் பிள்ளைகள் வாலிபால் ஆடினார்கள். இவளைக் கூப்பிட்டார்கள். பந்து வந்தபோது இரண்டு கையையும் முகத்துக்கு நேரே மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். 14 வயதுப் பெண், வாரம் இரண்டு பீரியடு, மூன்று வருடத்துக்கு மேல் மைதானத்தில் இருந்தவள். பந்து வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இராத்திரி என்னிடம் சொன்னாள்: "எனக்கு விளையாட்டு வராதும்மா. சாருக்கே தெரியும்."

அந்த 'சாருக்கே' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. பள்ளியை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. வயதுக்கு வந்த பிறகு "வெயில்ல நிக்காத, கறுத்துப் போவ" என்று சொன்னதும் நான்தான்.

---

உப்பளம் எழுதியது:

அம்மா, உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி 1983இல் மரியெல் டூசின்யானும் டேரில் சீடன்டாப்பும் எழுதியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்பார்கள், ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள், சேட்டை கிடையாது. முறை வரும்போது மட்டும் பின்னால் இருப்பவனை முன்னே விட்டுவிட்டு மறுபடி கடைசிக்குப் போய்விடுவார்கள். வகுப்பு அமைதியாக நடப்பதால் ஆசிரியர் கண்ணில் படவே மாட்டார்கள். அவர்களை 'ஒதுங்கி நிற்பதில் தேர்ந்தவர்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பெண் பிள்ளைகளைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். அடக்கமாக ஒதுங்கி நிற்பதை நம் வீடுகளில் நல்ல குணம் என்றுதானே சொல்லி வளர்க்கிறோம்.

---

துறைமுகப்பையன் எழுதியது:

நான் கடலூர் முதுநகர் பக்கம், மீனவ வீடு. எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு, அதனால் சொல்கிறேன். என்னிடம் எதிர்பார்ப்பு ஏகத்துக்கு இருந்தது.

ஆறாம் வகுப்பில் முதல் நாளே சார் என் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வலை இழுக்கிற கை, கபடிக்கு வாடா" என்றார். எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் கபடி, குண்டு எறிதல், கயிறு இழுத்தல். நான் அதுவரை வலையைத் தொட்டதே இல்லை. அப்பா விடவில்லை, படி என்று சொல்லிவிட்டார். எனக்கு ஆசை எல்லாம் டேபிள் டென்னிஸ் மேல். பள்ளியில் ஒரு டேபிள் இருந்தது. இரண்டு தடவை போய்க் கேட்டேன். "அது உனக்கு எதுக்குடா, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். என்மேல் அவருக்குப் பிரியம் அதிகம்.

ஆனால் 'இயற்கையிலேயே பலம்' என்று நினைத்ததால் எனக்குக் கபடியையும் அவர் சொல்லித் தரவில்லை. கணுக்காலைப் பிடிப்பது எப்படி, சங்கிலியில் எப்போது கையை விடுவது, ஒன்றும் இல்லை. "உனக்கென்னடா, போய் இழு" என்பார். மாவட்டப் போட்டியில், பயிற்சி எடுத்து வந்த ஒல்லியான பையன்கள் எங்களை ஓட ஓடத் தோற்கடித்தார்கள். அப்போது சார் சொன்னது: "உடம்பு இருக்கு, மூளை இல்லை."

இதையும் எதிர்பார்ப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதியையும் தெருவையும் பார்த்து வருகிற எதிர்பார்ப்பு, உயர்வாகத் தெரிந்தாலும் அது ஒரு வேலிதான்.

---

அல்ஜீப்ரா எழுதியது:

பீரியடு கடன் வாங்கும் கணக்கு டீச்சர் நான்தான். பண்ருட்டி பக்கம் வேலை. இந்த இழையைப் படித்த பிறகு என் வகுப்பை யோசித்துப் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு, நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். மற்றவர்கள் என்றால் இரண்டு நொடியில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறேன். உங்கள் பந்து எங்களுக்கு அந்த இரண்டு நொடி. பொதுத்தேர்வு வகுப்புக்கு வேறு வழி தெரியாமல்தான் பீரியடு வாங்குகிறேன். ஆனால் யாருடைய 40 நிமிடத்தை வாங்குகிறேன் என்று இதுவரை நினைத்ததில்லை. அந்த ஆறு பேர் சாயந்திரம் வந்து ஆடிக்கொள்வார்கள். மற்ற 32 பேருக்கு அதுதான் வாரத்தில் மிச்சமிருந்த நேரம்.

---

உப்பளம் எழுதியது:

துறைமுகப்பையன் எழுதியதைப் பாடமாகவே வைக்கலாம்.

கணிப்பு சரியாக இருக்கிறது என்கிறோமே, எதைக் கணிக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் வேகமாக உயரம் போடுவது சராசரியாக 12 வயதையொட்டி, ஆண் பிள்ளைகள் 14ஐயொட்டி. அது ஒவ்வொருவருக்கும் முன்னே பின்னே ஆகும். எட்டாம் வகுப்பில் ஒருவனுக்கு அரும்பு மீசை, பக்கத்தில் இருப்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இருவரையும் ஓடவிட்டு முதலாமவனுக்குத் திறமை என்கிறோம். அவனுக்கு முந்தி வந்தது வளர்ச்சி மட்டும்தான்.

இதே கதை பிறந்த மாதத்திலும் உண்டு. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை எடுத்து ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரோடு இருந்தவர்களும் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். வயதுப் பிரிவுக்கு அங்கே கணக்கு ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. எட்டு, ஒன்பது வயதில் அந்த ஒரு வயது பெரிய வித்தியாசம். பெரிதாக இருப்பவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவனுக்குப் பயிற்சி கூடுகிறது, கடைசியில் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். கணிப்பு பலித்தது என்று சொல்லிக்கொள்கிறோம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக மே, ஜூன் என்று தேதி போட்டுக்கொண்ட வழக்கம் நெடுங்காலம் இருந்தது. காகிதத்தில் ஒரே வயது, நிஜத்தில் ஒன்றரை வயது வித்தியாசம் என்றெல்லாம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு முக்கியமான விஷயம். 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆசிரியர் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிவிட்டிருந்தால், பிறகு வெளியே இருந்து 'இவன் நன்றாக வருவான்' என்று சொல்லப்படுவது பெரிதாக எடுபடவில்லை. பழகுவதற்கு முன்னால் சொன்னால்தான் எடுபட்டது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் இரண்டு வாரத்தில் நம் மனதில் விழுகிற படம்தான் வருடம் முழுக்க ஓடுகிறது.

---

பழைய_விசில் எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

90களில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். குட்டை, சொங்கி. வாலிபால் பயிற்சிக்குத் தினம் காலை ஆறு மணிக்கு வந்து நிற்பான். பந்து பொறுக்கிப் போடுவான். ஒரு வருடம் பொறுக்கினான். நான் ஒரு நாளும் வலைக்கு முன்னால் விடவில்லை. பத்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து மஞ்சை நகர் மைதானத்தில் ஒரு போட்டி. எதிரணியில் நெடுநெடுவென்று ஒருவன் ஸ்மாஷ் அடிக்கிறான், எங்கள் பையன்களால் எடுக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து வந்து "சார், நல்லா இருக்கீங்களா" என்று காலைத் தொட்டான். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. நான் விட்ட பையன். அவனுக்கு வளர்ச்சி பிந்தி வந்திருக்கிறது. விரிவுரையாளர் சொன்னதைப் படித்ததும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. அவன் ஒருவன் வேறு பள்ளியில் போய்ச் சேர்ந்தான். சேராமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ஆனாலும் என் பேச்சில் ஒரு பாதியை நான் விடமாட்டேன். அணி வேறு, வகுப்பு வேறு. போட்டிக்கு ஆள் எடுக்கும்போது நன்றாக ஆடுகிறவனைத்தான் எடுக்க வேண்டும். அதில் கருணை பார்த்தால் அவனுக்கும் கெடுதல், அணிக்கும் கெடுதல். நாங்கள் செய்த தப்பு, அணிக்கான கண்ணையே வகுப்புக்கும் கொண்டுபோனது. பீரியடு அந்த 40 பேருக்கும் சொந்தம். அணிக்குக் காலையும் சாயந்திரமும் இருக்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் இதை எழுதியதற்கு உங்களை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் நான் மாற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லாம் சரியாக வரவில்லை.

முதலில் கோ-கோவிலேயே கை வைத்தேன். அந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் எனக்கு இத்தனை வருடம் உறைக்கவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குக் 'கோ' கொடுப்பது என்பது துரத்துகிறவன் இஷ்டம். நன்றாக ஓடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொள்வார்கள். சில கட்டங்களில் உட்கார்ந்த பிள்ளை ஓர் இன்னிங்ஸ் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. என் கண் யார்மேல் இருக்கிறது என்று பார்த்துத்தான் பிள்ளைகள் 'கோ' கொடுக்கிறார்கள். என் எதிர்பார்ப்பு அவர்களுடைய எதிர்பார்ப்பாகவே ஆகிவிட்டது. வாலிபாலில் சுற்று முறை இருப்பதால் சர்வீஸாவது எல்லோருக்கும் வருகிறது. அங்கேயும் பின்வரிசைப் பிள்ளைக்கு வரும் பந்தை முன்னால் பாய்ந்து இன்னொருவன் எடுத்துவிடுவான், நாமும் கைதட்டுவோம்.

அதனால் வகுப்பில் மட்டும் ஒரு விதி வைத்தேன். எட்டுப் பேரும் ஒரு தடவை எழுந்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது 'கோ'. முதல் நாள் பெரிய ரகளை. "சார், ஆட்டமே போச்சு" என்றான் என் அணித்தலைவன். உண்மையும் அதுதான், ஆட்டம் மந்தமாகிவிட்டது. மூன்றாவது பீரியடில் அதை விட்டுவிட்டு, ஐந்தைந்து பேராகப் பிரித்து நாலு சின்ன ஆடுகளம் போட்டேன். கம்பத்துக்குப் பதில் செருப்பு. இது நடந்தது. ஐந்து பேரில் ஒருவனை ஒதுக்கினால் ஆட முடியாது, தானாகவே எல்லோருக்கும் முறை வந்தது.

அடுத்தது 600 மீட்டர். கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையில் 50 மீட்டர், 600 மீட்டர் எல்லாம் எடுக்கிறோம். எடுத்து, பதிவேற்றி, மறந்துவிடுவோம். இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் நேரத்தை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். யாருடைய நேரத்தையும் சத்தமாகப் படிக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி ஓட வேண்டும், தன் பழைய நேரத்தோடு மட்டும் போட்டி. அந்தச் சோதனை ஓட்டமும் நடையும் கலந்தது என்பதை நான் பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதே இல்லை. நிழலில் உட்கார வைத்த பையனிடம் இப்போது சொன்னேன்: "நீ நட. நடந்து முடி. ஆனா முடிக்கணும்." நடந்தான். கடைசி 100 மீட்டரில் தானாக ஓட ஆரம்பித்தான். முடித்துவிட்டு வந்து அவன் கேட்ட கேள்வி: "கை எப்படி சார் வெச்சிக்கணும்?"

ஆறாம் வகுப்பிலிருந்து இதுவரை அவன் என்னிடம் கேட்ட முதல் விளையாட்டுக் கேள்வி அது. பக்கத்தில் நின்று முழங்கையை மடக்கிக் காட்டினேன்.

சரியாக வராதது: பெயர். 17 பெயரையும் அடுத்த வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு போனேன். வகுப்பு சூடு பிடித்ததும் பழைய ஆறு பேர் பெயர்தான் வாயில் வந்தது. இன்னமும் அதில் தேறவில்லை.

---

துறைமுகப்பையன் எழுதியது:

சார், படித்துக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் ஃபுட்பால் இந்த இழையில் வராமலே போகக் கூடாது என்று எழுதுகிறேன். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். பிறகு தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2017-18இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு மகளிர் அணி தேசியக் கோப்பை எடுத்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தோம். அதற்கு முன்னால், சில்வர் பீச் மணலில் பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்து உதைத்ததைப் பார்த்து, "இதெல்லாம் எங்க போய் நிக்கப் போவுது" என்று பேசிய வாய்களில் என் சித்தி வாயும் ஒன்று. இப்போது சித்தியின் பேத்தி ஃபுட்பாலுக்குப் போகிறாள், சித்திதான் பை தூக்கிக்கொண்டு போகிறார்.

---

உப்பளம் எழுதியது:

சந்தோஷமான செய்தி. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். ஒரு வீராங்கனை வந்துவிட்டார் என்பதால் எதிர்பார்ப்பு வைத்தால் எல்லோரும் இந்திய அணிக்குப் போவார்கள் என்று ஆகாது. லாஸ்பேட்டை அம்மாவின் மகள் இந்தியாவுக்கு ஆட வேண்டியதில்லை. பந்து வந்தால் கையை நீட்டினால் போதும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்கச் சொல்கிறது. 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளை 15 வயதோடு அதை நிறுத்திவிடும். நமக்கு இழப்பு அங்கேதான்.

---

லாஸ்பேட்டை_அம்மா எழுதியது:

நேற்று மகளோடு பள்ளிக்குப் போய் விளையாட்டு சாரைப் பார்த்தேன். சண்டை போடவில்லை. "ஸ்கோர் எழுத இன்னொரு பிள்ளையையும் பழக்குங்க சார், வாரம் ஒரு நாள் இவ ஆடட்டும்" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவளுக்கு அந்த வேலைதான் பிடிக்கும்னு நினைச்சிட்டேன்மா" என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. அங்கேயே ஒரு பந்தை எடுத்து இரண்டு அடி தூரத்திலிருந்து மெதுவாகப் போட்டார். முதல் நாலு பந்தைத் தவறவிட்டாள். "முட்டியை மடக்கு, கையை ஒட்டி வை" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் முன்கை சிவந்திருந்ததைக் காட்டினாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

---

புது_பி_பி_எட் எழுதியது:

வணக்கம் சார், நான் முதல் வருடம். எங்களுக்கும் அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. அந்த நோட்டில் கட்டம் எப்படிப் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா? எங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருக்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

தங்கச்சி, கட்டம் ரொம்பச் சுலபம். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொன்னதற்கு ஒரு கோடு, திருத்தியதற்கு ஒரு புள்ளி, பந்தோ முறையோ கிடைத்ததற்கு ஒரு வட்டம். நல்லது கெட்டது என்று எதுவும் பக்கத்தில் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும். முழு வகுப்பையும் எண்ண முடியாவிட்டால் பெயர் வரிசையில் நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது என்று பத்துப் பேரை எடுங்கள். நீங்களாகப் பார்த்து எடுக்காதீர்கள், கண் மறுபடி நன்றாக ஆடுகிறவர்களிடமே போய் நிற்கும்.

முதலில் உங்கள் வகுப்பை உங்கள் தோழி எண்ணட்டும். அதைக் காட்டிவிட்டு, "சார், எனக்கு இவ்வளவுதான் வந்துச்சு, எப்படிச் சரி பண்றது" என்று அவரிடம் கேளுங்கள். அப்போது கோபம் வராது. ஒருவேளை இரண்டு நாள் கழித்து அவரே, நோட்டை எடுத்துக்கொண்டு தன் வகுப்பிலும் வந்து உட்காரச் சொல்வார். என்னிடம் வந்தவர் பயிற்சி முடிந்து போகும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜூனில் புது ஆறாம் வகுப்பு வருகிறது. முதல் இரண்டு வாரத்துக்கு இப்போதே பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.